நல்ல தக்காளியின் உள்ளே

தம்பி,

போன முறை நீ வந்திருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் நான் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன். ரசம் ஊற்ற வந்த உன் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனாப்பா?" என்று நீ பின்னாலேயே வந்து கேட்டாய். வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே பேச்சோடு பேச்சாக உன் அம்மாவிடம், "எவ்ளோ நல்ல காயா இருந்தாலும் உள்ள பாக்டீரியா இருக்கும்மா. அது பாட்டுக்கு அதுல குடியிருக்கும். காய்க்கும் கெடுதல் இல்ல, நமக்கும் பெரும்பாலும் இல்ல" என்றாயே, அதைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் நீ வெளிநாட்டுக்குப் போகிறாய். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இதே கிருமிகளைத்தான் பார்க்கப்போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினாலாவது எனக்கே தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

எனக்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த கதையை நீ பல தடவை கேட்டிருக்கிறாய். களமருதூரில் குத்தகை நிலத்தில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தவன், பத்தாவது முடித்த ஒரே தைரியத்தில் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஆய்வுக்கூட உதவியாளர் ஆனேன் என்று பெருமையாகச் சொல்லுவேன். அந்தக் கதையில் ஒரு ஆளை எப்போதும் விட்டுவிடுவேன். அவர் பெயர் சலீம். தியாகதுருகத்துக்காரர், என் வயதுதான். நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தோம். எங்களுக்கு மேலே ஒரு பேராசிரியர். வெளியூர்க்காரர். காய்கறி அழுகல் நோயைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 'சார்' என்று மட்டும் எழுதுகிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

சார் நினைத்தது எளிமையானது. அழுகின காய்க்குள் கிருமி இருக்கும், நல்ல காய்க்குள் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அழுகலுக்குக் காரணம் இந்தக் கிருமி என்று சொல்ல முடியும். அழுகின காய்க்கு அலைய வேண்டியதில்லை, சந்தையில் கொட்டிக் கிடந்தது. நல்ல காய்க்குத்தான் மலை ஏற வேண்டியிருந்தது. கீழே விளைகிற தக்காளிக்கெல்லாம் மருந்து அடிக்கிறார்கள், அது ஆகாது என்றார். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற பஸ்ஸில் நானும் சலீமும் ஆளுக்கொரு கூடையோடு போவோம். அங்கே கொல்லையில் தக்காளி வைத்திருந்த ஒரு அம்மா, நாங்கள் ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "காயி நல்லாத்தானங்க கீது. இதுல இன்னாத்த தேடுறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லாத காயாத் தேடுறோம்மா" என்றார் சலீம். அந்த அம்மா எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

கொண்டுவந்த தக்காளியைக் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி, நெருப்பில் காட்டி, தோலில் இருந்ததெல்லாம் செத்தது என்று ஆன பிறகு, காய்ச்சிய கத்தியால் அறுத்து நடுவிலிருந்து ஒரு துணுக்கு எடுப்போம். அதைக் கண்ணாடித் தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் வைத்து மூடுவோம். துணுக்கில் கிருமி இருந்தால் கூழைத் தின்று வளர்ந்து, இரண்டு மூன்று நாளில் புள்ளி புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது புரியட்டும் என்று எழுதுகிறேன். தட்டையும் கூழையும் முன்னதாகப் பெரிய பிரஷர் குக்கரில் இருபது நிமிஷம் வேக வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்து அதைப் பார்த்துக்கொள்வது சலீமின் பொறுப்பு. அறுத்து வைப்பது என் பொறுப்பு.

புள்ளி வந்தது. அழுகின காயில் வந்தது சரி. ஒரு கீறல்கூட இல்லாத, கல் மாதிரி உறுதியான நல்ல தக்காளியிலும் வந்தது. எல்லாத் தட்டிலும் இல்லை. பத்துத் தட்டு வைத்தால் மூன்றில் வரும், ஒரு தடவை ஐந்தில் வந்தது. வெள்ளையாக, சிலது மஞ்சளாக, ஊசி முனை அளவு. "யாரோ ஒழுங்கா வேலை செய்யல" என்றார் சார். ஸ்பிரிட் மாற்றினோம். கத்தி மாற்றினோம். ஜன்னலுக்குத் துணி கட்டினோம். நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட மெல்ல விட்டு அறுத்தேன். மறுபடியும் வந்தது. ஒரு நாள் சலீம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது நம்ம கையில இருந்து வரலன்னா? பழத்துக்குள்ளயே இருந்தா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "இருந்தா அழுவிடாதா?" என்றேன். அவர் தட்டை மூடி வைத்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் தெரியாது. சாரிடம் கேட்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது, இருவருக்கும் தைரியம் வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கிய வருஷங்கள் அவை. ஒரு வாரம் பஸ்ஸே ஓடவில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். உன் பெரியப்பாவும் உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின வாரம் நான் ஊருக்குப் போனபோது அவர் என்னிடம், "நம்ம புள்ளைங்களுக்கு வேலை வோணும்னுதாண்டா ரோட்ல குந்தப் போறோம். நீ உன் கையில கீறத வுட்டுடாத" என்றார். கல்லூரியில் எங்கள் இரண்டு பேரில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா சொன்னதைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த வாரம் சார் வெளியூரில் மாட்டிக்கொண்டார். எனக்குக் கள்ளக்குறிச்சியிலேயே அறை இருந்தது. சலீம் தியாகதுருகத்திலிருந்து சைக்கிளில் வந்தார். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து வந்திருக்கிறார். சட்டை கிழிந்திருந்தது. "சாரே இல்ல, நீ எதுக்குப்பா வந்த?" என்றேன். "இன்னைக்கு மூணாம் நாளு. இன்னைக்கே எண்ணணும். நாள் தள்ளினா புள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு எண்ண முடியாது" என்றார். மலையிலிருந்து முன்பே கொண்டுவந்த தக்காளி ஒரு கூடை மிச்சம் இருந்தது. அந்த வாரத்தில் இரண்டு நாள் குக்கர் வைத்தோம். முதல் நாள் நானும் அவரும் சேர்ந்து அடுப்புக்குக் காற்றடித்தோம். இருபது நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். இரண்டாம் நாள் பஸ் ஓடுகிறதா என்று பார்க்க வெளியே போயிருந்தேன். இரண்டு நாள் தட்டிலும் புள்ளி வந்தது.

பஸ் ஓடத் தொடங்கியதும் சார் வந்தார். தட்டுகளை வரிசையாகப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஊரில் மண்ணெண்ணெய் கிடைக்காத வாரம் அது என்பது அவருக்குத் தெரியும். "எண்ணெய் இல்லன்னு பாதியில இறக்கிட்டியா?" என்று சலீமைக் கேட்டார். "இல்ல சார்" என்றார் சலீம். சார் என் பக்கம் திரும்பினார். "நீதான் கூட இருந்தியே. முழு நேரம் வெந்துதா?" முதல் நாள் வெந்தது சார், நான் பார்த்தேன், அந்தத் தட்டிலும் புள்ளி இருக்கிறது சார் என்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. "நான் கவனிக்கல சார்" என்றேன். கத்தியைப் பிடித்தது என் கை. சலீம் மேல் தப்பு இல்லை என்றால் அடுத்தது நான்தான் என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் குழப்பமே இல்லாமல் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சலீம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னைத் திட்டவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்தக் கடைசித் தட்ட சாயங்காலம் எண்ணிடு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உனக்குச் சொல்ல வேண்டிய பகுதி வருகிறது. குக்கரையும் நானே வைத்தேன், காயையும் நானே அறுத்தேன். இருபது நிமிஷத்துக்குப் பதில் முப்பது நிமிஷம் வேக வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் நல்ல தக்காளித் தட்டில் புள்ளி. அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. சார் வருவதற்குள் அந்தத் தட்டுகளை மட்டும் எடுத்துக் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பதிவேட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சார் எல்லோரிடமும் காட்டுவார். "ஆள் மாறினதும் எல்லாம் சரியாயிடுச்சு பார்" என்றும் சொல்லுவார். அவருக்குப் பட்டம் கிடைத்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. அதை வைத்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள், அதை வைத்துத்தான் நீ படித்தாய்.

உனக்கு ஏழு வயதில் உன்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நல்ல காய்க்குள் எந்தக் கிருமியும் இருக்காது என்று உனக்குச் சொன்னேன். "உனக்கு எப்படிப்பா தெரியும், உள்ள பாத்தியா?" என்று கேட்டாய். நான் உன்னை அறைந்தேன். ஏன் அடித்தேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. அழுதுகொண்டே அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். அன்று ஒரு கேள்விக்காக அடி வாங்கியவன் அதே கேள்வியைப் படிக்கவே போனாய். அதை நினைத்தால் சந்தோஷப்படுவதா, தலை குனிவதா என்று தெரியவில்லை.

நீ படிக்கிற ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் கூப்பிட்டு, "நாங்க அந்தக் காலத்துல பாத்ததும் அதுதானாடா?" என்று பொதுவாகக் கேட்டேனே, அது இதற்குத்தான். நீ உடனே ஆமாம் என்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ யோசித்தாய். "இருக்கலாம்ப்பா. வேர் வழியா, பூ வழியா உள்ள போய்த் தங்குறது உண்டு. உங்க காலத்துக்கு முன்னாடியே அதைப் பாத்தவங்க இருக்காங்க. ஆனா உங்க தட்டுல வந்தது அதுவா, காத்துல இருந்து விழுந்ததான்னு இப்ப எப்படிச் சொல்றது? தட்டு இருந்தாப் பாக்கலாம்" என்றாய். தட்டு எங்கே இருக்கிறது? நான்தானே கழுவினேன். நீ நேர்மையாகப் பதில் சொன்னாய், நான் மேலும் குழம்பினேன். முன்னாடியே பார்த்தவர்கள் இருந்தார்கள் என்றால் சாருக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்தும் வேண்டாம் என்று விட்டாரா? சலீம் ஒரு தடவை கேட்டாரே, பழத்துக்குள்ளேயே இருந்தால் என்று, அதை நான் சிரித்து அடக்காமல் இருந்திருந்தால்? ஒரு கேள்வியைப் பிடித்தால் இன்னொன்று கையை விட்டு நழுவுகிறது.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அன்றுதான் தெரியும். கையிலிருந்த முருங்கைக்கீரை முழுவதையும் உருவி முடித்தாள். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவரு எங்க கீறாரோ அங்க போய் சொல்லு" என்றாள்.

சலீம் எங்கே இருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பழக்கடை. இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் எதிர்ச் சாரியில் நடப்பேன். போன திங்கட்கிழமை நேராகக் கடைக்குப் போனேன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னாப்பா, வழி தெரிஞ்சுதா?" என்று சாதாரணமாகக் கேட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு கொய்யாப்பழம் அடுக்கத் தொடங்கினார். நான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் உன்னிடமிருந்து தொடங்கினேன். மகன் இதைத்தான் படிக்கிறான், நல்ல பழத்துக்குள்ளேயே கிருமி குடியிருக்குமாம் என்றேன். அவர் கையிலிருந்த கொய்யாவைப் பார்த்தார். "மெதுவா பேசு. யாவாரத்த கெடுத்துடுவ போல கீது" என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டாம் நாளு எண்ணெய் தீர்ந்து போச்சு. பன்னெண்டு நிமிசம்கூட வேவல. சார்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். அதாலதான் புள்ளி வந்துச்சுன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறேன். உம்மேல எனக்குக் கோவம் இல்லாததுக்கு அதான் காரணம்" என்றார்.

தப்பே செய்யாத ஒருவருக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். அவரும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாங்கள் சரிக்குச் சரியா? ஒரு நொடி, வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கு மூச்சு லேசானது. அப்படியே எழுந்து வந்திருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

"மொத நாளு?" என்று அவரே கேட்டார். "நீ கூட இருந்தியே. அன்னிக்கு முழுசா வெந்துது. அந்தத் தட்டுல எப்படி வந்துச்சு?"

"அதான் சொல்ல வந்தேன் பாய்."

"நான் போன பொறவு வந்துச்சா?"

"வந்துது."

"எத்தினி வாட்டி?"

"நெறைய வாட்டி."

அவர் கொய்யாவை அடுக்கி முடித்தார். ஒரு அம்மா வந்து மாதுளை கேட்டார். சலீம் எடை போட்டுக் கொடுத்தார். "சார் இன்னா சொன்னாரு?" என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சாருக்குக் காட்டல" என்றேன். அவர் தராசைத் துடைத்து வைத்தார். "எங்கிட்ட சொன்னது இருக்கட்டும். வெள்ளிக்கிழம மத்தியானம் வூட்டுக்கு வா. எம்பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில்தான் உனக்கு எழுதத் தாள் எடுத்து எடுத்துக் கிழித்தேன். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்கும் ஒரு நாள் தட்டு கழுவ, குக்கர் வைக்க ஒரு ஆள் கிடைப்பான். உன் தட்டில் நீ நினைக்காத ஒன்று வளர்ந்தால், அவனைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தட்டைக் கேள். அவன் பயமில்லாமல் உன்னிடம் காட்டும்படி இரு. சார் கெட்டவர் இல்லை. எங்களால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். உனக்கே வேண்டாத புள்ளி வந்தாலும் எண்ணி எழுது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இன்னும் கலங்கலாகவே கிடக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து அவர் வந்த பிறகு தியாகதுருகத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மும்தாஜை, அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அந்த அம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குழறிக் குழறிச் சொன்னேன். தக்காளி, குக்கர், புள்ளி, என் பதிவேடு எல்லாம். நீ கூட இருந்திருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பாய். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அந்த வேலை இவருக்கு வந்திருக்குமுங்களா?" என்றார்.

"தெரியாதும்மா. ரெண்டு பேருல யாருக்குன்னு சத்தியமா தெரியாது. ஆனா இவரு வேலையால மட்டும் அந்தப் புள்ளி வரலன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சே வாய மூடிக்கினு இருந்தேன்."

மும்தாஜ் அம்மா முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார். "அடுப்பைப் பாதியில அணைச்சு வேலைய தொலைச்சாருன்னுதானங்க எங்கிட்ட சொன்னாங்க. அன்னியில இருந்து இவரு அடுப்பாண்ட போனா பின்னாடியே போய் நின்னுக்குவேன். 'வேலைய தொலைச்ச கை'ன்னு சொல்லுவேன். புள்ளைங்க சிரிக்கும். பேரப்புள்ளைங்களும் சிரிக்கும். இவரும் சிரிப்பாரு" என்றார். என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. என்னை மன்னித்தார்களா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது.

சலீம் எழுந்தார். "இருப்பா, டீ போட்டு எடுத்தாறேன்" என்று உள்ளே போனார். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. மும்தாஜ் அம்மா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீ வருகிறவரை அவர் சமையலறைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

போய் இறங்கியதும் ஒரு போன் போடு.

உன் அப்பா